மாஸ்டர் பட்டியல் கெட்டுப்போவது எங்கே? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ்டர் பட்டியல், அதாவது எல்லாப் பிரிவுகளும் நம்பியிருக்கும் வாடிக்கையாளர் பட்டியலில் பிழை என்றதும் முதலில் திட்டு வாங்குபவர் டேட்டா என்ட்ரி ஊழியர்தான். பல நேரம் குற்றம் அவருடையதல்ல. அவருக்குக் கொடுத்த படிவமும் எக்செல் ஃபைலுமே பிழையை உண்டாக்குகின்றன.

வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகச் சேமிப்பது இதில் முதன்மையான தவறு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். முன்னால் வரும் பூஜ்ஜியங்களும் போய்விடும். பிறகு ஃபார்மட்டை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினாலும் போனது போனதுதான். எனவே அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்க வேண்டும். கூட்டவோ கழிக்கவோ போகாத எதுவும் (கைபேசி எண், பின்கோடு, கணக்கு எண்) எண்ணே அல்ல. சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) டபுள் கிளிக் செய்து திறந்தாலும் இதே கதிதான். டேட்டா மெனு வழியாக இம்போர்ட் செய்து, தரவு வகையைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று தேர்வு செய்யுங்கள்.

தேதியில் சிக்கல் இன்னும் நுட்பமானது. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால், ஏப்ரல் 3 என்று நினைத்து அடித்த 03/04/2025 மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2025 மட்டும், 25-ஆவது மாதம் கிடையாது என்பதால், வெறும் எழுத்தாக நின்றுவிடும். எழுத்து இடப்பக்கம் ஒட்டும், உண்மைத் தேதி வலப்பக்கம் ஒட்டும். இடப்பக்கம் நிற்பவற்றைப் பார்த்துத் திருத்திவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். ஆபத்து வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவற்றில்தான் இருக்கிறது. 2025-04-03 என்ற வடிவத்தில் குழப்பமில்லை.

கட்டாயப் புலம் பொய்யை வளர்க்கும்

படிவத்தில் மின்னஞ்சல் புலத்தை (நிரப்பும் கட்டத்தை) கட்டாயமாக்கினால் மின்னஞ்சல் கிடைக்காது, ஏதோ ஒன்று கிடைக்கும். கைபேசிக்கு 9999999999, பிறந்த தேதிக்கு 01-01-1900. மாநில டிராப்டவுனில் முதல் பெயர் தானாகவே தேர்வாகி இருந்தால், அந்தமானில் உங்களுக்கு இவ்வளவு வாடிக்கையாளர்களா என்று வியக்க நேரிடும். தொடக்கத்தில் காலியாக விடுங்கள். ‘தெரியவில்லை’, ‘இல்லை’ இரண்டையும் தனித்தனி விடைகளாகக் கொடுங்கள். மாதம் ஒருமுறை எக்செலில் பிவட் (எது எத்தனை முறை வருகிறது என்று தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டு, ஒவ்வொரு புலத்திலும் அதிகமுறை வரும் 10 மதிப்புகளைப் பார்த்தால் போலிகள் தாமாகவே மேலே மிதக்கும்.

எண்ணுக்குள் இருக்கும் சோதனையை விட்டுவிடுவது

ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் 2 மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த 10 அப்படியே பான், கடைசி ஒன்று சரிபார்ப்பு எழுத்து. முகவரி கோவை என்றிருந்து எண் 29-இல் தொடங்கினால் அது கர்நாடகப் பதிவு. பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடலாம். பானின் 4-ஆவது எழுத்து தனிநபருக்கு P, கம்பெனிக்கு C, கூட்டாண்மைக்கு F. வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் 11 எழுத்துகளில் 5-ஆவது எப்போதும் பூஜ்ஜியம். அங்கே ஆங்கில ‘ஓ’ அடிப்பவர்கள் ஏராளம். இவற்றையெல்லாம் படிவமே தடுக்கலாம். ஆனால் வடிவம் சரியாக இருப்பதால் பதிவு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதை ஜிஎஸ்டி தளத்தில்தான் பார்க்க வேண்டும்.

பெயரை வைத்து இரட்டைப் பதிவு தேடுவது

எஸ். முருகன், முருகன் எஸ், முருகன் சுப்பையா மூவரும் ஒருவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தமிழில் சேமித்தால் இன்னொரு வில்லங்கம். ‘கோபால்’ என்பதில் உள்ள ‘ோ’ ஒரே குறியாகவும் வரும், ‘ே’, ‘ா’ என இரண்டு குறிகளாகவும் வரும். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடினால் ஒன்று அகப்படாது. இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிச் சேமித்தால் இது தீரும். ‘ஸ்ரீ’ மட்டும் அதற்கும் மசியாது, ஸ, ஶ என இரு வழியில் அடிக்கப்படுவதால் அதற்குத் தனி விதி வேண்டும்.

பொருத்திப் பார்க்க ஜிஎஸ்டி எண்ணையோ, கைபேசியும் பின்கோடும் சேர்ந்த இணையையோ எடுங்கள். பான் ஒன்று என்பதற்காக இணைத்துவிடாதீர்கள். ஒரே கம்பெனிக்கு இரண்டு மாநிலங்களில் இரண்டு ஜிஎஸ்டி பதிவுகள் இருக்கும். இணைத்த பின் பழைய வாடிக்கையாளர் குறியீட்டை அழிக்கவும் கூடாது. முடக்கி, புதிய குறியீட்டைச் சுட்டிவிட்டால் போதும். இல்லையென்றால் பழைய பில்கள் அநாதையாகிவிடும்.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வரிசைகளின் எண்ணிக்கையையும் தொகையின் கூட்டலையும் இரு பக்கமும் ஒப்பிடாமல் விடுவது அடுத்த தவறு. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தைப் பயன்படுத்தியது. அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன.

மாதாந்தரச் சோதனைக்கு 100 பதிவுகளை எடுத்து மூல ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். முதல் 100 வரிசைகளை எடுக்க வேண்டாம். அவை பழையவை, பலமுறை திருத்தப்பட்டவை. தற்செயலான எண்ணைத் தரும் ‘ராண்ட்’ ஃபார்முலா போட்டுக் கலைத்து எடுங்கள். கிடைத்த பிழையை ஐடி பிரிவுக்கு அனுப்பாமல், அந்தப் புலத்தை நிரப்பும் பிரிவுக்கே அனுப்புங்கள்: கணக்கு எண் என்றால் அக்கவுண்ட்ஸ், முகவரி என்றால் விற்பனை.