முடியில் போட்ட நீலச் சாயம் இறங்க வேண்டுமென்றால் பிளீச் டப்பாவைத் திறக்காதீர்கள்

போன தை மாதம் காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் ஒரு ஆச்சி வீட்டிலிருந்து, முடி அலங்காரத் தொழில் செய்யும் என்னைக் கூப்பிட்டார்கள். சென்னையில் படிக்கும் பேத்தி, வீட்டில் நடக்கவிருந்த சாந்தி விழாவுக்கு வந்திருந்தாள். முடியை பிளீச் செய்து, தோளுக்குக் கீழே முழுக்க மயில்கழுத்து நீலம். "இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. மருதாணி அரைச்சு அப்பிரட்டுமா?" என்றார் ஆச்சி. இலைகூடப் பறித்து வைத்துவிட்டார். "அதை மட்டும் செஞ்சிராதீங்க ஆச்சி" என்று தடுத்தேன். மருதாணி முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிளீச் ஆன முடியில் பளீரென ஆரஞ்சாகப் பிடிக்கும், நீலத்தின் மேல் சேற்று நிறமாகும். அப்புறம் அதை எடுக்க வழியே இல்லை.

இந்த நீலம் செமி பெர்மனன்ட் சாயம், அதாவது நிரந்தரமாகத் தங்காத சாயம். அது முடியின் மேலேயும் செதில்களுக்கு இடையிலும்தான் உட்காரும். பிளீச் செய்யாத கறுப்பு முடியில் சில தலைக்குளியலில் போய்விடும். பிளீச் ஆன முடியில் செதில்கள் திறந்தே கிடப்பதால் உள்ளே இறங்கிவிடுகிறது. பிங்க்கும் ஊதாவும் பெரும்பாலும் இறங்கிக் கொடுக்கும். நீலமும் பச்சையும்தான் பிடிவாதம்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு நீலத்தின் மேல் நேராக பிளீச் போட்டேன். நீலம் பச்சையாகி அப்படியே நின்றுவிட்டது. மாதக்கணக்கில் அந்தப் பிள்ளை தலையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு போனது இன்னும் எனக்கு வலிக்கிறது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

முதலில் ஒரு முடிக்கற்றையை நனைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருங்கினால் சரி. ஊறிய சேமியா மாதிரி நீண்டுகொண்டே போனாலோ அறுந்தாலோ எண்ணெயும் கண்டிஷனரும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

முந்தின ராத்திரி செக்குத் தேங்காய் எண்ணெயை நீளத்துக்குத் தடவிப் பின்னிவிடுங்கள். அது முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் கரைவதைக் குறைக்கும். காலையில் பொடுகு ஷாம்பு இரண்டு மேசைக்கரண்டி, சாயமும் சர்க்கரையும் சேராத வைட்டமின் சி பொடி ஒரு மேசைக்கரண்டி. கண்ணாடிக் கிண்ணத்தில் குழைத்து, ஈர முடியில் நுனியிலிருந்து மேலாகப் பூசுங்கள். நுனியில்தான் சாயம் அதிகம். பிளாஸ்டிக் கவரால் மூடி அரை மணி நேரம் விடுங்கள். தலைத்தோல் எரிந்தால் உடனே அலசிவிட வேண்டும். பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பிறகு கண்டிஷனரைக் கால் மணி நேரம் ஊற விடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று தடவை. அதற்குமேல் முடி தாங்காது.

எங்கே அலசுகிறீர்கள் என்பதும் முக்கியம். பழைய வீடுகளில் ஆத்தங்குடிக் கல் தரை. அது சிமென்டில் செய்தது, சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுவரில் நீலம் தெறித்தால் யாரால் எடுக்க முடியும்? அந்தப் பெண்ணைப் பின்கட்டில் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். முதல் செம்புத் தண்ணீரில் இறங்கியது துணிக்குப் போடும் சொட்டு நீலம் மாதிரி இருந்தது, மூன்றாம் தடவை கடைசிச் செம்பில் இளநீர்போல.

சீயக்காய் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அழுக்குக்குச் சரி, இந்தச் சாயத்துக்கு வேண்டாம், பிளீச் ஆன முடியைச் சொரசொரப்பாக்கிவிடும். சமையல் சோடாவும் அப்படித்தான்.

மூன்று தடவைக்குப் பிறகும் பிங்க்கோ சிவப்போ தங்கினால் மட்டும் பிளீச் குளியல்: பிளீச் பொடி, 10 வால்யூம் டெவலப்பர் (3% ஹைட்ரஜன் பெராக்சைடு), ஷாம்பு மூன்றும் சம அளவு. கையுறையோடு ஈர முடியில் பூசி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள், பத்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள். தலைத்தோலில் படக்கூடாது. வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள், பழகிய கை கூட இருக்கட்டும். நீலத்துக்கு இதை நான் செய்வதே இல்லை.

ஆச்சியின் பேத்திக்கு ஐந்தாம் நாள் வெளிறிய பாசிப்பச்சைதான் மிச்சம். பச்சையைச் சிவப்பு அடக்கும். அதனால் செம்பு நிறம் கலந்த பழுப்பு செமி பெர்மனன்ட் சாயத்தை, முதலில் காதுக்குப் பின்னால் ஒரு கற்றையில் பார்த்துவிட்டு, மேலே போட்டேன். வெறும் பழுப்பைப் போட்டிருந்தால் அழுக்குப் பச்சையாகத் தெரிந்திருக்கும்.

சாந்தியன்று அவளுக்குச் சடை பின்னிப் பூ வைத்ததும் நான்தான். வளவு முற்றத்து வெயிலில் நின்றபோது மட்டும் சடை நுனியில் லேசாகப் பச்சை மின்னியது. ஆச்சி கண்ணுக்கு அது தெரியவில்லை.