மனுஷரைப் பிரியப்படுத்தக் கூடாது என்பதில் நாம் செய்யும் தவறுகள்

அப்போஸ்தலன் பவுல் எழுதிய கலாத்தியர் 1:10 தெரியாத விசுவாசி நம் சபைகளில் குறைவு. "நான் இன்னும் மனுஷரைப் பிரியப்படுத்துகிறவனாயிருந்தால் நான் கிறிஸ்துவின் ஊழியக்காரனல்லவே." யாராவது குறை சொன்னால் உடனே எடுத்துவிட இதைவிட வசதியான வசனம் கிடையாது. ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் இதுதான் பதில், காணிக்கைக் கணக்கு எங்கே என்று கேட்டாலும் இதுதான் பதில். என்னைக் கேட்டால் முதல் தவறே இந்த வசனத்தைக் கேடயமாகப் பிடிப்பதுதான்.

பவுல் அதை எழுதிய சூழ்நிலை வேறு. யூதரல்லாத புறஜாதியிலிருந்து வந்தவர்களும் யூத முறைப்படி விருத்தசேதனம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று சிலர் கலாத்தியா சபைகளைக் குழப்பினார்கள், சுவிசேஷமே மாறிப்போகும் விஷயம் அது, அதில் யாருக்காகவும் வளைய மாட்டேன் என்றார். அதே பவுல் எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் சேர்த்தபோது, யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைக் கூட வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கப் பார்க்கிறோம் என்று 2 கொரிந்தியர் 8:21-ல் காரணமும் சொல்கிறார். ஆகவே கணக்கு கேட்கிறவரை "மனுஷ பார்வையில் பார்க்கிறீர்கள்" என்று அடக்குவதற்குப் பவுலைத் துணைக்கு அழைக்க முடியாது.

அடுத்தது கொடுப்பது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பூசணிக்காயின் விலை ஏற ஏற யார் கேட்டது என்பதுதான் பேச்சாகிவிடும். ஏலத்தை நான் குறை சொல்லவில்லை, அது ஒரு சந்தோஷம், பணமும் சபைக்குத்தான் போகிறது. ஆனால் அறிவிப்பில் தன் பெயர் விட்டுப்போனது என்று அடுத்த வாரம் ஆலயத்துக்கு வராமல் இருந்தால், அந்தக் காணிக்கை யாருக்குப் போனது? மத்தேயு 6-ல் இயேசு தர்மம், ஜெபம், உபவாசம் என்று மூன்றையும் அந்தரங்கத்துக்குத் தள்ளுகிறார். உபவாசம் இருப்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள் மூன்றாவதை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள் போலிருக்கிறது. அதற்காக எல்லாவற்றையும் ஒளித்துச் செய்ய வேண்டும் என்றும் இல்லை, அதே மலைப் பிரசங்கத்தில்தான் மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்தட்டும் என்றும் இருக்கிறது. பார்த்தவர்கள் கடைசியில் யாரைப் புகழ்ந்தார்கள் என்பதுதான் கேள்வி.

பெருமையைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டாயிற்று. பயத்தைப் பற்றி அந்த அளவுக்குக் கேட்பதில்லை, உண்மையில் அதுதான் நம்மை அதிகம் ஆட்டிவைக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து, புறஜாதியாரோடு சாப்பிடுவதை ஏற்காத யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். உபதேசம் எதையும் அவர் மாற்றவில்லை. வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்தார், அவ்வளவுதான். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் ஒதுங்க, கடைசியில் பவுலின் உடன் ஊழியரான பர்னபாவும் இழுபட்டுப்போனார். பவுல் அதை எல்லோர் முன்பாகவும் கண்டித்தார்.

இதை அப்படியே நம் சபைக்குள் வைத்துப் பாருங்கள். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கக் கூடாது என்று எழுதினார். அதை ஏற்க மனமில்லாமல் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். அவர்களும் ஜெபம் பண்ணுகிறவர்கள்தான், கீர்த்தனை பாடுகிறவர்கள்தான். இன்றைக்கு ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறோம், சரி. வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தால்? "எங்களுக்கு ஒன்றும் இல்லை பிரதர், சொந்தக்காரங்கதான் ஏத்துக்க மாட்டாங்க" என்பார்கள். பேதுரு வாயைத் திறந்திருந்தால் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பார். தேவ சித்தம் என்று ஜெபித்துவிட்டு, வரன் தேடும் விளம்பரத்தில் சாதிப் பெயரையும் போடுகிறவர்கள் யாருடைய அங்கீகாரத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

மனந்திரும்புவதிலும் இது நுழைந்துவிடும். தேவனுடைய கட்டளையை மீறிய சவுல் ராஜா "பாவஞ்செய்தேன்" என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் ஒத்துக்கொண்டார், கூடவே மூப்பர்களுக்கும் இஸ்ரவேலுக்கும் முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படியும் கேட்டார். சாட்சி சொல்லும் நேரத்தில் பழைய பாவத்தை விலாவாரியாகச் சொல்லிவிட்டு இப்போதைய கோபத்தைப் பற்றி மூச்சு விடாமல் இருப்பதும் ஏறக்குறைய இந்த ரகம்தான்.

"யார் என்ன சொன்னாலும் என் மனசாட்சி சுத்தம்" என்று சொல்கிறவர்கள் 1 கொரிந்தியர் 4:4-ஐ ஒருமுறை வாசிக்கலாம். என்னிடத்தில் குற்றம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் அதனாலே நான் நீதிமானாவதில்லை என்கிறார் பவுல். என் மனசுக்குச் சரி என்று படுவதும் ஒரு மனுஷனுடைய கருத்துதான், அந்த மனுஷன் நானாக இருக்கிறேன் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இன்னொன்று, மனுஷரிடம் மார்க் வாங்குவதை விட்டுவிட்டு அதே பதற்றத்தோடு தேவனிடம் மார்க் வாங்கக் கிளம்புவது. ஒரு நாள் வேதம் வாசிக்கவில்லை என்றால் அன்றைக்கு பைக் பஞ்சரானதும் அதனால்தான் என்று நினைப்பது. யோர்தான் நதியில் இயேசு ஞானஸ்நானம் எடுத்தபோது "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் வானத்திலிருந்து கேட்டது, அவர் ஒரு பிரசங்கமும் பண்ணியதாகவோ ஒரு வியாதிக்காரனைச் சுகமாக்கியதாகவோ அதுவரை மத்தேயு எழுதவில்லை. அந்தப் பிரியத்துக்குள் நாமும் கிறிஸ்துவின் மூலமாகத்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறோம் என்று எபேசியர் முதல் அதிகாரம் சொல்கிறது, வாசித்த அதிகாரங்களின் எண்ணிக்கையால் அல்ல.