உரம் சுமக்கும் ஏடிவிக்குத் துரு எடுப்பது எப்படி?

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் வாயில் இன்னமும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர மோட்டார் வண்டி, வைத்திருப்பவர்கள் பலர் வாரநாளில் அதில் செம்பனைத் தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அதையே சேற்றில் இறக்கி ஓட்டுகிறார்கள். துருவைத் தேய்த்து எடுத்து பெயிண்டும் அடித்த பிறகு, அதே இடம் ஏன் மறுபடி பொங்குகிறது என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி. பெரும்பாலும் பெயிண்டுக்கு அடியில் உப்பு மாட்டிக்கொண்டிருக்கும்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்காகும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது கடல் உப்புக்கு நெருங்கிய உறவு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை நனைத்தே வைக்கும். அம்மோனியம் சல்பேட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. வடசிலாங்கூரின் சதுப்பு நிலங்களில் பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் தேங்கும் தண்ணீரோ இயல்பிலேயே அமிலத்தன்மை உள்ளது. ஆகவே நம் வண்டிகளுக்கு முதல் மருந்து கம்பி பிரஷ் இல்லை, தண்ணீர்.

முதலில் கழுவுங்கள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ரப்பர் குழாயில் வரும் சாதாரண நல்ல தண்ணீரால் அடியிலிருந்து மேலாகக் கழுவுங்கள். கேரியர் கம்பிகள் சேரும் மூலை, கால்மிதிக்குக் கீழ்ப்பக்கம், அடித்தகட்டின் மேற்புறம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மடிப்பு ஆகிய நான்கு இடங்களில்தான் உரத்தூளும் சேறும் சேர்ந்து கெட்டியாகும். அடித்தகட்டைக் கழற்றாமல் கழுவினால் பாதி வேலைதான் ஆகும். நான்கைந்து போல்ட்தான் இருக்கும், சோம்பல் பார்க்காமல் கழற்றிவிடுங்கள்.

வாட்டர் ஜெட் வைத்திருப்பவர்கள் பேரிங், ஆக்சில் சீல், ஒயர் இணைப்பு, ஏர் பில்டர் பெட்டி ஆகியவற்றின் மேல் நேராக அடிக்காதீர்கள். தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும், பிறகு துரு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்கும். சில வண்டிகளின் சேசி (இரும்புச் சட்டம்) குழாயில் அடிப்பக்கம் சிறு வடிகால் துளைகள் இருக்கும். சேறு அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள்.

எது மேல்துரு, எது ஓட்டை?

காய்ந்த பிறகு, துருப்பிடித்த இடங்களைச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும். மந்தமான சத்தம் வந்தாலோ, ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கினாலோ, இரும்பு மெலிந்துவிட்டது என்று பொருள். சேசி, சக்கரத்தைத் தாங்கும் ஏ-ஆர்ம், ஸ்டீரிங் பாகங்களில் இப்படி இருந்தால் அதன் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டாம். வெல்டிங் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் உயிரைத் தாங்கும் பாகம் அது.

துருவை எடுப்பது

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள், அப்புறம் பாசிட்டிவ். கண்ணாடி, முகக்கவசம், கையுறை மூன்றும் கட்டாயம். செதிலாக நிற்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டு, 80-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, 180-ஆம் எண்ணில் முடியுங்கள். சுற்றியுள்ள நல்ல பெயிண்டின் விளிம்பையும் சேர்த்து மழுக்க வேண்டும். அந்த விளிம்புக்கு அடியில்தான் துரு நகர்ந்து போகும்.

இப்போது பலரும் தவறவிடும் கட்டம். தேய்த்த இடத்தை மறுபடியும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். துருவின் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் உரஉப்பு மேலே தேய்ப்பதால் மட்டும் போகாது. ஈரம் பட்டதும் மெல்லிய ஆரஞ்சுப் படலம் வந்தால் பயப்படாதீர்கள், உடனே துடைத்து வெயிலிலோ விசிறிக் காற்றிலோ காய வைத்து, லேசாக ஒருமுறை தேய்த்தால் போய்விடும். உப்பு இருந்த இடத்தை மூடுவதைவிட இந்தப் படலத்தைத் துடைப்பது எவ்வளவோ மேல்.

கை நுழையாத குழிகளுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசலாம். பாஸ்பரிக் அமிலம் உள்ளதும் உண்டு, டானின் கலந்ததும் உண்டு. இரண்டும் மிஞ்சிய துருவைக் கறுத்த, நிலையான படலமாக மாற்றுபவை. பூசிய பிறகு கழுவ வேண்டுமா கூடாதா என்பது சரக்குக்குச் சரக்கு மாறும், டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துச் செய்யுங்கள். நல்ல இரும்பின் மேல் இதைத் தேய்ப்பதில் பயனில்லை.

கழற்றிய சிறு பிராக்கெட், வாஷர் போன்றவற்றை வினிகரில் ஓர் இரவு ஊற வைத்தால் துரு இளகிவிடும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, காய வைத்து, உடனே பூச்சு போடுங்கள். சஸ்பென்ஷன் ஸ்பிரிங், 10.9 என்று தலையில் எண் பொறித்த உறுதியான போல்ட் ஆகியவற்றை மட்டும் அமிலத்தில் போட வேண்டாம். அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை முறியக்கூடியதாக்கிவிடும்.

மூடுவது

தின்னர் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அது காய்ந்ததும் பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடியுங்கள். சேசிக்கு எப்பாக்ஸி பிரைமர் என் தேர்வு, சேற்றுக் கல்லடியைத் தாங்கும். அதன் மேல் மெல்லியதாக இரண்டு மூன்று கோட் பெயிண்ட். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழியும், உள்ளே காயாது. மழைக்கு முன்னிருக்கும் புழுக்கத்தில் அடிக்காதீர்கள், காலை வெயில் ஏறிய நேரம் நல்லது. எக்ஸாஸ்ட்டுக்குச் சாதாரண பெயிண்ட் கருகிவிடும், அதிக வெப்பம் தாங்கும் வகையே வேண்டும்.

குழாய்க்குள்ளும் மடிப்புக்குள்ளும் பெயிண்ட் எட்டாது. அங்கே மெழுகு அல்லது லானோலின் கலந்த துருத்தடுப்பு ஸ்பிரேயை நீளக் குழல் மாட்டி அடியுங்கள். டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்ட உதவும், ஆனால் நம் மழைக்கு அது நீண்ட நாள் காப்பு இல்லை. பழைய எஞ்சின் ஆயிலைப் பூசும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரப்பர் புஷ்ஷை ஊத வைக்கும், சொட்டி மண்ணையும் கெடுக்கும்.

பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் எந்தக் காப்பு எண்ணெயும் படவே கூடாது. டிஸ்க்கில் ஒரே இரவில் வரும் மேல்துரு, மெதுவாக ஓட்டி நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். செயின் இருக்கும் வண்டிகளில் செயினைத் துடைத்து, காய்ந்த பிறகு செயினுக்குரிய மசகெண்ணெய் போடுங்கள்.

அன்றாடப் பழக்கம்

உரம் ஏற்றிய நாளில் வண்டியை இரவு அப்படியே விடாதீர்கள், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தூங்குங்கள். மூட்டைக்குக் கீழே கேரியரில் பழைய ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் கிழிந்த மூட்டையின் தூள் கம்பியில் நேராகப் படாது. கழுவிய பிறகு பத்து நிமிடம் ஓட்டினால் சூட்டிலும் காற்றிலும் ஈரம் காயும், அப்புறம் கிரீஸ் நிப்பிள்களில் புதுக் கிரீஸ் ஏற்றினால் உள்ளே போன தண்ணீர் வெளியே வரும்.

உரக் கொட்டகைக்குள் நிறுத்த வேண்டாம். புல்தரையும் வேண்டாம், சிமெண்ட் தரையே நல்லது. தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தினால் அடியில் வியர்க்கும், அதனால் கூரை மட்டும் இருக்கும் காற்றோட்டமான இடம் போதும். அக்டோபர், நவம்பர் மாலை மழை தொடங்கும் முன்பே அடிப்பக்கத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். கல் பட்டுப் பெயர்ந்த இடம் இருந்தால் கழுவி, காய வைத்து, அன்றே பிரஷ்ஷால் தொட்டுவிட வேண்டும். அதற்காகவே, ஒரு டப்பா சாதாரண டச்-அப் பிரைமரைக் கைக்கு எட்டும் இடத்தில் மூடி இறுக்கி வைத்திருங்கள்.