பேசும் விலங்குகளின் மாய ராஜ்ஜியம்: குழந்தைகளுக்கு முதல் சாகசக் கதை எழுதுவது எப்படி?

மாய ராஜ்ஜியக் கதை எழுத உட்காரும் பலர் முதலில் ராஜ்ஜியத்துக்குப் பெயர் வைக்கிறார்கள். பிறகு அரண்மனை கட்டுகிறார்கள், மந்திரக்கோல் செய்கிறார்கள். கடைசியாக ஒரு முயலையும் நரியையும் கூட்டிவந்து பேச விடுகிறார்கள். அந்த முயலை எடுத்துவிட்டு அணிலை வைத்தாலும் கதையில் ஒரு வரிகூட மாறாது. விலங்கு வேஷம் போட்ட மனிதர்கள்தான் அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பதிவில் தலைகீழாகத் தொடங்கப் போகிறோம். முதலில் விலங்கு. அதன் உடம்பிலிருந்து பிரச்சினை, பிரச்சினையிலிருந்து ராஜ்ஜியம், மாயம் எல்லாம் வரும்.

இது புதிய வழி இல்லை. பஞ்சதந்திரத்தின் முதல் பகுதி எப்படித் தொடங்குகிறது? பிங்களகன் என்ற சிங்கம் யமுனையில் தண்ணீர் குடிக்கப் போகிறது. சஞ்சீவகன் என்ற எருதின் முக்காரம் கேட்கிறது. காட்டு ராஜாவுக்கு அந்தக் குரல் பழக்கமில்லை, பயந்து திரும்பிவிடுகிறது. கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகளும் அந்தப் பயத்தைக் கவனித்துவிடுகின்றன. அந்தப் பகுதி முழுவதும் இந்தப் புள்ளியிலிருந்துதான் விரிகிறது. ஒரு சிங்கத்தின் காதில் விழுந்த ஒரு சத்தம், அவ்வளவுதான்.

7 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்கான ஒரு கதையைப் படிப்படியாக நாம் சேர்ந்தே கட்டுவோம்.

படி 1: விலங்கின் உடம்பைப் படியுங்கள்

ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு விலங்கு. அது எதைத் தின்னும்? எப்போது விழித்திருக்கும்? கண், காது, மூக்கில் எது கூர்மை? பயந்தால் என்ன செய்யும்? அதனால் செய்யவே முடியாத காரியம் எது? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். கதை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நம் கதைக்கு ஆனைமலைக் காட்டிலிருந்து சிலரை அழைக்கிறேன்.

முதலில் இருவாச்சி. பெரிய இருவாச்சி பறக்கும்போது சிறகு எழுப்பும் ‘வுஷ்... வுஷ்...’ சத்தம் வெகுதூரம் கேட்கும். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் கொண்டு வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் திறந்திருக்கும். உள்ளே இருக்கும்போது அதன் பறக்கும் இறகுகளும் உதிர்ந்துவிடும். மாதக்கணக்கில் ஆண் பறவைதான் அத்திப்பழம் முதலானவற்றைக் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும்.

எச்சத்தால் கதவு கட்டுகிற ராணி! இந்த ஒரு தகவலுக்கே குழந்தைகள் சிரித்து உருளுவார்கள். அசிங்கம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.

அடுத்தது அழுங்கு. எறும்புத்தின்னி என்றும் சொல்வோம். பல் கிடையாது, நீளமான பிசுபிசுத்த நாக்கு உண்டு. கண் பார்வை மங்கல், மூக்கு படுகூர்மை. ஆபத்து வந்தால் உருண்டு செதில் பந்தாகிவிடும். ராத்திரிதான் நடமாட்டம்.

மூன்றாவது சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழாதது. கூட்டமாக மரத்திலேயே இருக்கும், பழம் அதற்குப் பிரியம்.

நான்காவது பழந்தின்னி வௌவால். இங்கே பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. வௌவால் என்றாலே எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கும் என்று எழுதிவிடுகிறோம். பூச்சி பிடிக்கிற வௌவால்களுக்குத்தான் அது பொருந்தும். பழந்தின்னிகளில் பெரும்பாலானவை கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் இரை தேடுகின்றன.

நாலு பேர் போதும். முதல் கதையில் அதற்கு மேல் சேர்த்தால் குழந்தைக்குப் பெயர்கள் குழம்பும்.

படி 2: பிரச்சினையை நோட்டிலிருந்தே எடுங்கள்

ராஜ்ஜியத்தை அழிக்க வரும் சூனியக்காரனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நோட்டைப் பாருங்கள். ராணியால் வெளியே வர முடியாது, வந்தாலும் பறக்க முடியாது. உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கிறது. சோறு போடுகிறவர் ஒரே ஒருவர்.

ஒரு காலையில் ‘வுஷ்... வுஷ்...’ சத்தம் கேட்கவில்லை. மன்னர் வரவில்லை.

கதை கிடைத்துவிட்டது. உலகத்தைக் காப்பாற்றுவது என்றால் என்னவென்று 8 வயதுக் குழந்தைக்கு உருவமாகத் தெரியாது. பசியோடு காத்திருக்கும் ஒரு குஞ்சு நன்றாகத் தெரியும்.

படி 3: வாசலும் மாயத்தின் விலையும்

மனிதக் குழந்தை அந்த ராஜ்ஜியத்துக்குள் எப்படிப் போகும்? குகை, கண்ணாடி, கிணறு எல்லாம் பழகிய வழிகள். உங்கள் ஊர்ச் சாலையோரத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். எனக்குச் சுமைதாங்கிக் கல் கிடைத்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்கே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு நடந்து போகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்கக் கட்டியது. கர்ப்பிணியாக இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றில் பலவற்றை நட்டார்கள். அந்தச் செய்தியைச் சிறு குழந்தைகளின் கதையில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. 10 வயதைத் தாண்டியவர்களுக்கு எழுதினால் தாராளமாக வைக்கலாம். கதைக்கு ஆழம் கூடும்.

நம் நாயகி கயல், வயது 9. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் புத்தகப் பையைச் சுமைதாங்கி மேல் வைக்கிறாள். அந்த நொடியில் காடு பேசத் தொடங்குகிறது. விலங்குகள் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தன. சுமையை இறக்கியவர்களுக்கு மட்டும்தான் அது காதில் விழும். ராஜ்ஜியத்தின் பெயர் தாங்கலூர் என்று வைத்துக்கொள்வோம். பெயர் குழந்தையின் வாயில் சுலபமாக நுழைய வேண்டும்.

இப்போது மாயத்துக்கு விதி எழுதுங்கள். மூன்று கேள்விகள்: யாரால் முடியும், என்ன விலை, எது முடியாது?

தாங்கலூரின் விதி இது. சுமையை இறக்கியவர் உள்ளே வரலாம். திரும்பிப் போக வேண்டுமானால், உள்ளே இருக்கும் ஒருவருடைய சுமையைத் தூக்கிச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்க வேண்டும். இந்த மாயம் காயத்தை ஆற்றாது, பழத்தை வரவழைக்காது.

எது முடியாது என்ற பதிலைக் காகிதத்தில் எழுதி எதிரே ஒட்டி வையுங்கள். கதை சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் மாயத்தைக் கூப்பிட்டு விடுபடத் தோன்றும். கூப்பிட்டால் கயலுக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விடும்.

படி 4: யார் யாரைத் தின்பார்கள்?

எல்லா விலங்கும் பேசும் என்றால், பேசும் மானைப் பேசும் புலி தின்னுமா? பெரியவர்கள் கேட்க மாட்டார்கள், குழந்தைகள் முதல் பக்கத்திலேயே கேட்பார்கள். முன்கூட்டியே முடிவெடுங்கள். தாங்கலூரில் பூச்சிகளுக்குப் பேச்சு இல்லை. ஆகவே அழுங்கு நிம்மதியாகக் கறையான் தின்னலாம். சிறுத்தையின் உறுமல் தூரத்தில் கேட்கும், ஆள் மேடைக்கு வராது. இதை ஓரிரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 5: எதிர்த்து நிற்பவருக்கும் நியாயம் கொடுங்கள்

நரி என்றால் தந்திரம், பாம்பு என்றால் துரோகம் என்று எழுதப் பழகியிருக்கிறோம். காட்டில் அப்படி யாரும் பிறப்பதில்லை. விலங்குக் கதை கேட்டு வளரும் குழந்தை நாளை நிஜப் பாம்பைப் பார்க்கும்போது அந்தக் கதையைத்தான் நினைக்கும். கல்லை எடுக்கவும் கூடும். இந்தப் பொறுப்பு எழுதுகிறவருக்கு உண்டு.

நம் கதையில் கயல் பழம் பறிக்கப் போகும் அத்திமரத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம் இருக்கிறது. தலைவர் தடுக்கிறார். அவர் கூட்டத்திலும் குட்டிகள் இருக்கின்றன, பழமோ குறைவு. அவரும் பொய் சொல்லவில்லை, கயலும் பொய் சொல்லவில்லை. வாசிக்கும் குழந்தை இரண்டு பக்கமும் நின்று தவிக்கும். அந்தத் தவிப்பில்தான் சாகசம் இருக்கிறது.

தீர்வும் நோட்டிலேயே இருக்கிறது. அத்தி இன மரங்கள் காட்டில் எல்லாம் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. ஒன்று ஓயும்போது வேறெங்கோ இன்னொன்று பழுத்திருக்கும். எங்கே என்று யாருக்குத் தெரியும்? ராத்திரி பூராவும் பழவாசனை தேடிப் பறக்கும் வௌவாலுக்கு.

படி 6: ஐந்து அத்தியாயமாகப் பிரியுங்கள்

ஒவ்வொன்றும் 300 முதல் 400 சொற்கள். படுக்கும் முன் ஓர் அத்தியாயம் வாசிக்க அது சரியாக இருக்கும்.

முதல் அத்தியாயத்தில் கயல் பையை இறக்குகிறாள், அழுங்கைச் சந்திக்கிறாள். இரண்டாவதில் பொந்துக்குள் இருக்கும் ராணியிடம் கீறல் வழியாகப் பேசுகிறாள். மன்னர் வராத செய்தி தெரிகிறது. மூன்றாவது, குரங்குகளோடு வழக்கு. நான்காவது ராத்திரியில் நடக்கிறது. வௌவால் மேலே வழிகாட்ட, அழுங்கு கீழே மோந்துகொண்டே போக, புதிய அத்திமரம் கிடைக்கிறது. போகும் வழியில் மூங்கில் முள்ளில் சிறகு சிக்கிக் கிடக்கும் மன்னரும் கிடைக்கிறார். ஐந்தாவதில், மன்னரின் சிறகு தேறும்வரை பழத்தை யார் சுமப்பது என்ற கேள்வி எழுகிறது.

மாய விதியை இப்போது மறுபடி படித்துப் பாருங்கள். கயல் தூக்க வேண்டிய சுமை எது என்று நாம் சொல்லவே வேண்டாம். குரங்குகளும் புதிய மரத்துக்கு வருகின்றன; பொந்து உயரத்தில் இருப்பதால் கடைசித் தூரத்தை ஏறிக் கடப்பவர் தலைவர்தான்.

அத்தியாயத்தின் முடிவில் ஆவல் இருக்கட்டும், நடுக்கம் வேண்டாம். நாலாவது அத்தியாயத்தை மன்னர் கிடைப்பதற்கு முன்னால் இருட்டில் நிறுத்தினால் சில குழந்தைகள் தூங்க மாட்டார்கள். கண்டுபிடித்த பிறகு நிறுத்துங்கள்.

படி 7: ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு

கதை சொல்லும் நடை எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். உரையாடல் பேச்சுத் தமிழில் வரட்டும். ஆனைமலை அடிவாரம் என்பதால் நம் அழுங்குக்குக் கொங்குப் பேச்சு கொடுக்கலாம்.

“யாருங்க அது?” என்றது அழுங்கு. மூக்கை நீட்டி மோந்தது. “கடலை மிட்டாய் வாசம் வருதுங்க. அதுக்குப் பின்னால மனுசக்குட்டி வாசம்.”

“என் பேரு கயல். மிட்டாய் வேணுமா?”

“பல்லு இல்லீங்க கண்ணு. நீயே தின்னு. இந்தப் பக்கம் எதுக்கு...”

படக்!

எங்கோ ஒரு கிளை முறிந்தது. பேசிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஒரு செதில் பந்து கிடந்தது. கயல் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துப் பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

“போயிடுச்சுங்களா?”

கவனியுங்கள். மூக்கு, பல்லில்லாத வாய், உருளும் உடம்பு, மூன்றுமே இந்தச் சிறு காட்சியில் வேலை செய்துவிட்டன. ‘அழுங்கு பயந்த சுபாவம் கொண்டது’ என்று எழுதத் தேவையே வரவில்லை. ராணி எப்படிப் பேசுவார்? அவருக்கு வெளியே தெரிவது ஒரு கீறல் அளவு உலகம்; காதால் கேட்டதை வைத்தே பேசுவார். “உன் காலடி லேசா இருக்கு. நீ சின்னப் பொண்ணுதானே?” என்பார். குரங்குத் தலைவர் ‘நான்’ என்றே சொல்ல மாட்டார், எப்போதும் ‘நாங்க’.

சலசல, கிசுகிசு, தொபுக்கடீர் போன்ற ஒலிச் சொற்களை அள்ளிப் போடுங்கள். ‘நடந்துகொண்டிருந்தபோது பார்த்துக்கொண்டே வந்தவளாகிய’ போன்ற சங்கிலி வாக்கியங்களை உடையுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செயல்.

படி 8: சத்தமாக வாசியுங்கள், பிறகு வெளியிடுங்கள்

ஒரு குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுக்கதையையும் வாசியுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டிவிடும். எங்கே கால் ஆட்டத் தொடங்கியது, எங்கே ஜன்னல் பக்கம் திரும்பியது என்று ஓரத்தில் குறியுங்கள். அந்தப் பத்திகளைக் குறைக்க வேண்டும். கேட்ட கேள்விகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், “ராணி உள்ள எப்படித் தண்ணி குடிக்கும்?” மாதிரி ஒரு கேள்வி அடுத்த அத்தியாயத்தையே கொடுக்கும்.

படக்கதையாகப் போட ஆசைப்பட்டால், அச்சில் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருக்கும் என்பதை மனதில் வைத்து அத்தியாயங்களைச் சுருக்குங்கள். இணையத்தில் வெளியிட பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. 2015ல் தொடங்கியது, தமிழிலும் எழுதலாம், அங்குள்ள ஓவியங்களையும் பயன்படுத்தலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாவதால் உங்கள் கதையை உங்கள் பெயரோடு யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்க முடியும். அது சம்மதமா என்று யோசித்துவிட்டு ஏற்றுங்கள்.

சொந்தமாக ஓவியர் கிடைத்தால் கதையோடு அந்த நோட்டுப் பக்கங்களையும் அனுப்பிவையுங்கள். பெரிய இருவாச்சியில் ஆணுக்குச் சிவப்புக் கண், பெண்ணுக்கு வெள்ளைக் கண். மூங்கில் புதருக்குள் கயல் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்புக் கண்ணைத்தான் என்று எழுதியிருந்தால், படத்திலும் அது சிவப்பாகவே இருக்க வேண்டும். வால்பாறைப் பக்கத்துக் குழந்தை எதுவும் அந்தப் பக்கத்தைத் திறந்தவுடன் கண்டுபிடித்துவிடும்.