சாவியைத் திருகினால் சுற்றுகிறது, கிளம்பவில்லை: டைரக்ட் இன்ஜெக்ஷன் போட் மோட்டாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் நாரளி பௌர்ணமி (மழைக்காலத்துக்குப் பின் மீனவர்கள் கடலை வணங்கித் தொழிலுக்குத் திரும்பும் விழா) முடிந்ததும் போட் மெக்கானிக்கான எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் ஏறக்குறைய ஒரே வாசகத்தில்தான் தொடங்கும்: "மழைக்கு முன்னால் நன்றாகத்தான் ஓடியது." ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இந்தக் கடற்கரையில் மீன்பிடித் தடை. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எதிர்க்கரை மாண்ட்வாவுக்குப் போகும் படகுகளும் மழைக்காலத்தில் நின்றுவிடும். தனியாரின் வேகப்படகுகள் தார்ப்பாய்க்குள் மாதக்கணக்கில் கிடக்கும். பிறகு ஒரு நாள் சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, மோட்டார் கிளம்ப மறுக்கிறது. பெரும்பாலும் பழுது சிறியதுதான். அதைத் தேடுகிறேன் என்று செய்யும் வேலைகள்தான் படகுக்காரரின் பணத்தைக் கரைக்கின்றன. அதைப் பார்த்துப் பார்த்து மனம் வலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம்மில் பலர் கயிறு இழுத்துக் கிளப்பும் மண்ணெண்ணெய் எஞ்சினில் தொழில் பழகியவர்கள். சோக்கை இழு, திராட்டிலைக் கொஞ்சம் திற, கிளம்பும் வரை விடாதே என்பது கையோடு ஊறிய பழக்கம். டைரக்ட் இன்ஜெக்ஷன் டூ-ஸ்ட்ரோக்கில் கார்புரேட்டர் இல்லை, சோக்கும் இல்லை. இன்ஜெக்டர் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கிறது. எவ்வளவு, எந்தக் கணத்தில் என்பதை மோட்டாரின் கணினி முடிவு செய்கிறது. எனவே நெம்புகோல் நியூட்ரலில், திராட்டில் மூடிய நிலையில் இருக்கட்டும்; சாவியை மட்டும் திருகுங்கள். பத்து நொடிக்குள் கிளம்பவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் ஆறட்டும். தொடர்ந்து அரை நிமிடம் சுற்றினால் ஸ்டார்ட்டரும் வேகும், பேட்டரியும் இறங்கும். அதோடு இரண்டாவது பழுதை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பேட்டரியையும் கேபிளையும் அளக்காமல் மோட்டாரைக் கழற்றத் தொடங்குவது. 1990-களில் வந்த மெர்க்குரி ஆப்டிமேக்ஸ் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெல்ட்டில் ஓடும் ஒரு காற்று கம்ப்ரஸர் உண்டு. ஸ்டார்ட்டர் சுற்றும் அந்தச் சில நொடிகளில் கம்ப்ரஸர் சுமார் 80 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) காற்றழுத்தத்தை எழுப்ப வேண்டும். பெட்ரோல் அழுத்தம் அதைவிடச் சுமார் 10 பி.எஸ்.ஐ. கூடுதலாக நிற்க வேண்டும். அப்போதுதான் இன்ஜெக்டர் ஒழுங்காகத் தெளிக்கும். சுற்றும் வேகம் குறைந்தால் அழுத்தம் எழாது; அழுத்தம் எழாவிட்டால் நாள் முழுக்கச் சுற்றினாலும் பயனில்லை. ஆறு சிலிண்டர் ஆப்டிமேக்ஸுக்கு 800 சி.சி.ஏ. (குளிரிலும் ஸ்டார்ட்டரைச் சுற்ற பேட்டரி தரக்கூடிய மின்னோட்ட அளவு) திறனுள்ள பேட்டரி கேட்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். விலை குறைகிறதே என்று கார் பேட்டரியையோ, விளக்குக்கும் இன்வெர்ட்டருக்கும் வைக்கும் பேட்டரியையோ மாட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

போன பருவத்தில் கேட்வே பக்கம் நங்கூரமிட்டிருந்த ஒரு வேகப்படகு. எனக்கு முன் பார்த்தவர் இன்ஜெக்டர்களை மாற்றியிருந்தார், கணினியையும் மாற்றச் சொல்லியிருந்தார். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டியது. குறை சொல்ல முடியாது. என்னோடு வரும் தாராவித் தம்பி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், "அண்ணாச்சி, அப்படியானால் கணினிதானா?" என்று கேட்டான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழில் வைக்கச் சொன்னேன். கவ்வியில் இல்லை, குமிழிலேயே. மறு முனை ஸ்டார்ட்டரின் போல்ட்டில். சாவியைத் திருகினேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 1.8 வோல்ட். கேபிளின் உறையைக் கத்தியால் நீளவாக்கில் கீறினோம். கவ்வியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குச் செம்பு கறுத்து, பச்சைப் பொடியாக உதிர்ந்தது. வெளியே பளபளவென்று சிவப்பு உறை, உள்ளே உப்பு தின்ற கம்பி. வெள்ளீயம் பூசிய புதுக் கேபிள் போட்டதும் மூன்றாவது நொடியில் மோட்டார் கிளம்பியது. இன்ஜெக்டர்களுக்குச் செலவழித்த பணம் திரும்பவில்லை.

இதே சோதனையை நெகட்டிவ் பக்கமும் செய்யுங்கள்: பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலிருந்து எஞ்சின் உடல் வரை. சுற்றும்போது பேட்டரியிலேயே வோல்ட் பத்துக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். கவ்வியில் கையால் திருகும் சிறகு நட்டு இருந்தால் இன்றே அறுகோண நட்டுக்கு மாற்றிவிடுங்கள். அலை குலுக்கலில் சிறகு நட்டு தளர்ந்துவிடும்.

அடுத்தது பெட்ரோல். இப்போது நாட்டின் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான அவுட்போர்டு மோட்டார்களின் வழிகாட்டி நூல்கள் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மும்பையின் ஆடி, ஆவணி ஈரம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. ஓர் அளவுக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். மோட்டாருக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். கோடு போட்டதுபோல் இரண்டு அடுக்கு தெரிந்தால் அந்தப் பெட்ரோல் எதற்கும் ஆகாது. புதுப் பெட்ரோலை அதன் தலையில் ஊற்றிச் சரிசெய்ய நினைப்பது வீண். மொத்தமாக இறக்கி, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

குழாயிலுள்ள ரப்பர் பல்பைப் படுக்கவைத்து அமுக்காதீர்கள். அம்புக்குறி மேலே பார்க்க நிமிர்த்திப் பிடித்து, கெட்டிப்படும் வரை அமுக்குங்கள். கெட்டிப்படவே இல்லை என்றால் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. ஓடும்போது பல்பு சப்பையாக ஒட்டிக்கொண்டால் டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அவசர நிறுத்தக் கயிறு தன் இடத்தில் மாட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அனுபவசாலிகளும் தவறவிடும் இடம் அது.

ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயைத் தயவுசெய்து தொடாதீர்கள். டூ-ஸ்ட்ரோக்கில் காற்று கிராங்க் அறை வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது. ஸ்பிரே அந்த வழியெல்லாம் பேரிங்குகளின் மேலிருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். ஒரு நிமிட அவசரத்துக்கு எஞ்சினின் ஆயுளைக் கொடுக்கலாமா? அதேபோல் பிளக் வயரைக் கழற்றிக் கையில் பிடித்துத் தீப்பொறி பார்க்கும் பழைய வழக்கமும் வேண்டாம். எவின்ரூட் ஈ-டெக் என்ற இன்னொரு டைரக்ட் இன்ஜெக்ஷன் வகையில் இன்ஜெக்டருக்குப் போவதே 55 வோல்ட்; இக்னிஷன் பக்கம் அதைவிடப் பல மடங்கு. உங்களுக்கும் ஆபத்து, கணினிக்கும் ஆபத்து. அந்த மோட்டார்களின் தயாரிப்பு 2020-இல் நின்றுவிட்டது, உதிரி பாகங்களைத் தேடித்தான் வாங்க வேண்டும். ஈ-டெக்கில் பிளக்கை முறுக்கி இறுக்கினால் மட்டும் போதாது; அதன் வாய், அதாவது தீப்பொறி பறக்கும் இடைவெளி, குறிப்பிட்ட திசையில் நிற்க வேண்டும். பீங்கான் மேல் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, வழிகாட்டி நூல் காட்டும் திசையில் நிறுத்துங்கள். யமஹா எச்.பி.டி.ஐ. வகையில் பெட்ரோல் அழுத்தம் பல நூறு பி.எஸ்.ஐ. இருக்கும். அதன் குழாய் இணைப்பைச் சும்மா தளர்த்திப் பார்க்கும் எண்ணமே வரக் கூடாது.

கரையில் வைத்துக் கிளப்பிப் பார்ப்பதானால் தண்ணீர்க் காதுமூடியை (மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் துளைகளின் மேல் கவ்வி, குழாய்த் தண்ணீரைக் கொடுக்கும் ரப்பர் மூடி) மாட்டி, தண்ணீரைத் திறந்த பிறகே சாவியைத் தொடுங்கள். "ஒரு நொடிதானே" என்று தண்ணீரில்லாமல் கிளப்பினாலும் பம்பின் ரப்பர் இறக்கைகள் சேதமாகலாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் தகராறு தொடர்ந்தால், மெக்கானிக்கை அழைக்கும் முன் ஒன்றைக் கவனித்துக் குறித்துவையுங்கள்: காலையில் முதல் தடவை மட்டும் அடம்பிடிக்கிறதா, சூடான பிறகும் அடம்பிடிக்கிறதா? காலையில் மட்டும் என்றால் இரவில் எங்கோ அழுத்தம் கசிகிறது. ஆப்டிமேக்ஸ் வகையில் காற்றுப் பக்கத்தில் அழுத்தம் சோதிக்க வைத்திருக்கும் சிறு வால்வை அமுக்கினால் காற்று மட்டும் வர வேண்டும். பெட்ரோல் வந்தால் டிராக்கர் வால்வின் (பெட்ரோல் அழுத்தத்தைக் காற்றழுத்தத்துக்கு மேலே நிறுத்தும் வால்வு) டயாபிரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது இன்ஜெக்டரின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் விட்டிருக்கலாம். அமுக்கும் முன் ஒரு துணியைச் சுற்றிப் பிடியுங்கள், அருகில் பீடி, சிகரெட் கூடாது. இந்த ஒரு தகவலோடு நீங்கள் அழைத்தால், எந்த அழுத்தமானியை (கேஜ்) எடுத்து வர வேண்டும் என்று நான் வீட்டிலேயே முடிவு செய்துவிடுவேன்.