ரைடுக்கு முன்பதிவு செய்வது எப்படி? முதல் முறை கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால், பேராக்கில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டில் கேளிக்கைப் பூங்காவுக்குப் போக பஸ் ஏற்பாடு தொடங்கிவிடும். கோயில் இளைஞர்கள் ஒரு பக்கம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு பக்கம், தோட்டத்தில் நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடிப்பது இன்னொரு பக்கம். டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வரும். அதனால் போய்வந்தவர்கள் சொல்வதும் முதலில் என் காதுக்குத்தான் வரும்.

ரைடுகளுக்குக் கைப்பேசியில் முன்பதிவு செய்யும் முறை வந்தபிறகு அந்தப் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது. “எங்கயும் கால் கடுக்க நிக்கல, நெனச்ச ரைடு எல்லாம் ஏறிட்டோம்” என்கிறார் ஒருவர். அதே பஸ்ஸில் போன இன்னொருவர், “உள்ள போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு காட்டுது. அவ்வளவு காசு குடுத்துட்டு பிள்ளைக்கு என்ன சொல்றது?” என்கிறார். இரண்டும் உண்மைதான். இரண்டு குடும்பத்துக்கும் இருந்த வித்தியாசம், முந்தின இரவே வீட்டில் செய்து முடித்த சில வேலைகள். அவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் சுலபம். உதாரணத்துக்கு, 24 பேர் உட்காரும் ஒரு ரோலர் கோஸ்டர் 2 நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 30 சுற்று, 720 பேர். பூங்கா 8 மணி நேரம் திறந்திருந்தால் 5,760 பேர். அன்றைக்கு 9,000 பேர் வந்திருந்தால், ஆளுக்கு ஒரு முறை என்றாலும் 3,000 பேருக்கு மேல் அந்த ரைடில் ஏறவே முடியாது.

முன்பதிவு வந்ததால் ஒரு இருக்கைகூட அதிகமாவதில்லை. இருப்பதை யாருக்கு, எந்த நேரத்தில் கொடுப்பது என்பதுதான் மாறுகிறது. கிளினிக்கில் நம்பர் எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் தே குடித்துவிட்டு வருவது போலத்தான் இது. காத்திருக்கும் நேரம் அப்படியே இருக்கிறது, நின்றுகொண்டே காத்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். நம்பர் தீர்ந்தபிறகு போனவருக்கு அன்றைக்கு இடம் இல்லை.

இன்னொரு குறையும் அடிக்கடி காதில் விழுகிறது. “நாங்க நின்ன வரிசை நகரவே இல்ல, பக்கத்து வரிசைல வர்றவங்க நேரா உள்ள போறாங்க.” அதற்கும் இதே கணக்குதான் காரணம். பாதி இருக்கைகளை முன்பதிவு செய்தவர்களுக்கு ஒதுக்கினால், சாதாரண வரிசைக்கு மணிக்கு 360 இடம்தான் மிஞ்சும். அரை மணி நேரத்தில் கரைய வேண்டிய வரிசை ஒரு மணி நேரம் எடுக்கும். வரிசை எவ்வளவு நீளம் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலில் எழுதியிருக்கும் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள்.

படி 1: எந்த முறை என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாப் பூங்காவிலும் ஒரே முறை கிடையாது. பொதுவாக மூன்று வகை உண்டு.

இலவச மெய்நிகர் வரிசை ஒன்று. டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் உண்டு, செயலியில் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். கெந்திங் மலையில் 2022 பிப்ரவரியில் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்கா இப்படி ஒன்றைத் தன் செயலியில் கொண்டுவந்தது. அடுத்தது காசு கட்டி வாங்கும் விரைவுப் பாதை. சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸில் விற்கும் எக்ஸ்பிரஸ் இந்த வகை. மூன்றாவது, ஒரு பகுதிக்குள் நுழைவதற்கே நேரச்சீட்டு. ஜப்பானில் ஒசாகா யூனிவர்சலில் 2021-ல் திறந்த சூப்பர் நிண்டெண்டோ வேர்ல்டுக்குக் கூட்டமான நாளில் இப்படித்தான் சீட்டு எடுக்க வேண்டும்.

நீங்கள் போகும் பூங்காவின் இணையப் பக்கத்தில் இந்த மூன்றில் எது இருக்கிறது, காசு உண்டா என்று பார்த்துவிடுங்கள். இந்த முறைகள் மாறிக்கொண்டே இருப்பதால், போன வருஷம் போனவர் சொன்னதை நம்பி மட்டும் கிளம்ப வேண்டாம். டிஸ்னி பூங்காக்களில் 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்ற முன்பதிவு முறை தொடங்கியபோது அது இலவசம், ரைடு வாசலில் இருந்த இயந்திரத்தில் காகிதச் சீட்டாக வரும். 2021-ல் ஃபுளோரிடாவில் அதை எடுத்துவிட்டு, காசு கட்ட வேண்டிய ஜீனி பிளஸ் கொண்டுவந்தார்கள். 2024 ஜூலையில் அதற்கும் பெயரையும் விதியையும் மாற்றிவிட்டார்கள். இலவசமாக இருந்ததற்குக் காசு கேட்டபோது அங்கே வந்தவர்கள் எவ்வளவு கோபப்பட்டார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அந்தக் கோபம் நியாயம்தான் என்பது என் எண்ணம்.

படி 2: முந்தின இரவு, வீட்டிலேயே

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். நம் ஊரிலிருந்து கோலாலம்பூருக்கே 200 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை இருட்டிலேயே கிளம்பினாலும் பூங்கா வாசலுக்குப் போய்ச் சேரும்போது பக்கத்தில் இருக்கிறவர்கள் முன்னால் நிற்பார்கள். அந்த வாசலில் நின்று செயலியை இறக்கி, மின்னஞ்சல் கடவுச்சொல் ஞாபகம் இல்லாமல் தவித்து, குறியீட்டு எண் வரும் என்று காத்திருந்தால், அதற்குள் நல்ல நேரங்கள் போய்விடும்.

வீட்டில் லைன் நன்றாக இருக்கும்போது செயலியை இறக்குங்கள். தோட்டத்து உள்பக்கம் லைன் எடுக்காவிட்டால் பட்டணத்துக்கு வரும்போதே செய்துவிடுங்கள். கணக்குத் திறந்து, ஒருமுறை வெளியேறி மறுபடியும் உள்ளே போய்ப் பாருங்கள். கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.

அப்புறம் டிக்கெட்டுகளை இணைப்பது. குடும்பத்தில் ஆறு பேர் என்றால் ஆறு டிக்கெட்டும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். டிக்கெட்டில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தோ எண்ணைத் தட்டியோ ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். அப்பா மூன்று, மகன் மூன்று என்று பிரித்து வைத்தால் இரண்டு பேருக்கும் வேறு வேறு நேரம் விழும், குடும்பம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒரு பஸ் ஆட்கள் என்றால் எல்லாரையும் ஒரே கணக்கில் அடைக்க வேண்டாம். குடும்பத்துக்கு ஒரு கைப்பேசி என்பதுதான் சரியாக வரும்.

மலேசியர்களுக்கு மைகார்டு (அடையாள அட்டை) காட்டினால் குறைந்த விலை தரும் பூங்காக்கள் உண்டு. அந்த விலையில் வாங்கியிருந்தால் அட்டைகளை மறக்காதீர்கள், பிள்ளைகளுக்கு மைகிட் அட்டை. டாட்டா மிச்சம் இருக்கிறதா பாருங்கள், பவர் பேங்கை நிரப்பி வையுங்கள்.

படி 3: எந்த ரைடு முதலில்?

பிள்ளைகளின் உயரத்தை வீட்டுச் சுவரில் அளந்துவிடுங்கள். பெரிய ரைடுகளுக்குப் பெரும்பாலும் 120 சென்டிமீட்டரை ஒட்டி ஒரு கட்டுப்பாடு இருக்கும், சரியான அளவு ரைடுக்கு ரைடு மாறும். நேரம் எடுத்து, வரிசை தாண்டி, ஏறும் இடத்தில் அளவுகோல் வைத்துத் திருப்பி அனுப்பினால் பிள்ளை படும் வேதனை கொஞ்சமல்ல. சின்னப் பிள்ளையோடு போகும் பெற்றோருக்கு, ஒருவர் ஏறி இறங்கியதும் மற்றவர் திரும்ப வரிசையில் நிற்காமல் ஏறும் ஏற்பாடு பல பூங்காக்களில் இருக்கிறது. நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

நம் நாட்டு மழையையும் கணக்கில் எடுங்கள். மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் வெளியில் இருப்பவற்றைக் காலைக்கும், கூரைக்குள் இருப்பவற்றை மதியத்துக்கும் எடுங்கள். விருப்பமான மூன்று ரைடுகளை வரிசைப்படுத்தி எழுதிக்கொள்ளுங்கள். “எதை எடுக்கலாம்?” என்று அங்கே போய்ப் பேச உட்கார்ந்தால் நேரம் பறந்துவிடும்.

படி 4: முதல் பதிவு

பதிவு எப்போது திறக்கும் என்பது இடத்துக்கு இடம் வேறு. சில இடங்களில் டிக்கெட்டை வாசலில் ஸ்கேன் செய்த பிறகுதான் செயலி வழிவிடும். சில இடங்களில் குறிப்பிட்ட மணிக்குத் திறக்கும். ஃபுளோரிடா டிஸ்னியில் 2019 டிசம்பரில் ஒரு ஸ்டார் வார்ஸ் ரைடு தொடங்கியபோது, அன்றைய இடங்கள் திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துபோகும் நாட்கள் நிறைய இருந்தன. தூரத்திலிருந்து வந்தவர்கள் வெறும் கையோடு நின்றார்கள்.

வாசலைத் தாண்டியதும் ஓரமாக நின்று, முதல் ரைடுக்குப் பதிவு செய்துவிட்டு அப்புறம் நடங்கள். படம் பிடிப்பது, தொப்பி வாங்குவது எல்லாம் அதற்குப் பிறகு. நீங்கள் ஆசைப்பட்ட நேரம் இல்லையென்றால் கிடைக்கிற நேரத்தை எடுங்கள். யாராவது ரத்து செய்தால் இடம் திரும்ப வரும், பின்னால் மாற்றிக்கொள்ளலாம். “முழுவதும் முடிந்தது” என்று காட்டினாலும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் இடம் திறப்பதுண்டு.

படி 5: நடுவில் உள்ள நேரம்

நம் ஆட்களின் மனக்குறை அதிகம் இங்கேதான். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பாட்டி என்னிடம் சொன்னது மனத்தில் நிற்கிறது. “நான் ரைடு ஏறவா போனேன்? பேரன்கூட ஒருநாள் சுத்தலாம்னு போனேன். அவன் நாள் பூரா போனையே பாத்துக்கிட்டு இருந்தான்.” இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து போகும் நாள் அது.

இதற்கு ஒரு வழி செய்யலாம். பதிவு செய்ததும் அந்த நேரத்துக்குக் கால் மணி முன்னால் அலாரம் வைத்துவிட்டு, கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். கைப்பேசி பார்க்கும் பொறுப்பை ஒருவரே நாள் முழுவதும் சுமக்காமல், மதியத்துக்கு மேல் இன்னொருவரிடம் கொடுங்கள். பாட்டிக்கும் ஏறக்கூடிய ரைடு ஒன்றாவது பட்டியலில் இருக்கட்டும். மெதுவாகச் சுற்றும் படகு, ரயில், நாடகக் காட்சி எதுவானாலும் சரி.

வரிசையில் நிற்காதவர்கள் எல்லாரும் எங்கே போவார்கள்? சாப்பாட்டுக் கடைக்கும் நிழலுக்கும்தான். அதனால் 11 மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். எல்லாரும் சாப்பிட உட்காரும்போது நீங்கள் சாதாரண வரிசை குறைந்த சின்ன ரைடுகளுக்குப் போகலாம்.

படி 6: நேரத்துக்குப் போவது

பதிவில் “இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை” என்று இருக்கும். சில இடங்களில் ஒரு மணி நேரம் தருவார்கள், சில இடங்களில் அதைவிடக் குறைவு. எல்லாரும் சேர்ந்து வாசலுக்குப் போங்கள், குறியீட்டைச் செயலியிலேயே திறந்து காட்டுங்கள். படமாகப் பிடித்து வைத்ததைச் சில பூங்காக்களில் ஏற்பதில்லை. ஸ்கேன் ஆனதும் அடுத்த பதிவுக்கு வழி திறந்ததா என்று பார்த்து, உடனே எடுத்துவிடுங்கள்.

படி 7: ரைடு நின்றுவிட்டால்

பதற வேண்டாம். பல பூங்காக்களில், நீங்கள் எடுத்த நேரத்தில் ரைடு பழுதானாலோ மழைக்கு நின்றாலோ, அதற்குப் பதில் வேறு நேரமோ வேறு ரைடோ கிடைக்கும். செயலியில் வரும் செய்தியை முழுவதும் படியுங்கள். படிக்காமல் நீங்களே ரத்து செய்துவிட்டால் அந்த மாற்று இடம் கிடைக்காமல் போகலாம். செய்தி எதுவும் வரவில்லையென்றால் விருந்தினர் சேவைக் கவுண்டருக்குப் போய்ப் பதிவைக் காட்டிக் கேளுங்கள். மலாயில் நிதானமாகச் சொன்னால் போதும்.

கைப்பேசி இல்லாதவர்கள்

சாதாரண பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். டிக்கெட்டுக்கு முழுக் காசு கட்டியவர், நல்ல கைப்பேசி இல்லை என்பதற்காக ரைடு ஏற முடியாமல் போவது எனக்குச் சம்மதமில்லை. பஸ்ஸில் ஏறும் முன் இவர்கள் யார் யார் என்று கேட்டு, ஒவ்வொருவரையும் ஒரு குடும்பத்தின் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அந்தக் குடும்பத்தின் தொடர்பு எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெரியவரின் சட்டைப்பையில் வையுங்கள்.

திரும்பி வந்தபிறகு பூங்காவிலிருந்து கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வந்தால், அழிக்காமல் நிரப்புங்கள். கைப்பேசி இல்லாதவர்களுக்குக் கவுண்டரில் பதிவு செய்து தர வேண்டும் என்பதையும், தூரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்காக மதியத்துக்கு ஒரு பங்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். போன நாள், ரைடின் பெயர், செயலியில் என்ன காட்டியது, எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து எழுதினால் அவர்கள் சரிபார்க்க முடியும்.