லண்டனுக்குப் போகிறீர்களா? பாஸ் வாங்க அவசரப்படாதீர்கள்

நான்கைந்து நாள்தான் சுற்றப் போகிறீர்கள் என்றால் இறங்கியதும் பாஸுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். கான்டாக்ட்லெஸ் வங்கி அட்டையை ட்யூப் (சுரங்க ரயில்) நிலையத்தில் நுழையும்போதும் வெளியேறும்போதும், பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், அன்றைய உச்சவரம்பைத் தொட்டதும் அதற்கு மேல் பணம் பிடிக்க மாட்டார்கள். வார வரம்பும் உண்டு, ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான் கணக்கு! வியாழன் போய் அடுத்த புதன் வரை தினமும் அலைபவர்களுக்கு, எந்தக் கிழமையிலும் தொடங்கும் 7 நாள் டிராவல்கார்டு என்ற பாஸ் லாபமாக இருக்கலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்புறம், காலையில் அட்டை, மாலையில் போன் என்று மாற்றாதீர்கள், உச்சவரம்புக்கு அவை தனித்தனிக் கணக்கு. உங்கள் வங்கி வெளிநாட்டுக் கட்டணம் நிறையப் பிடிக்கும் என்றால் முன்கூட்டியே பணம் போட்டுத் தட்டும் லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் நல்லது. பஸ்ஸில் ரொக்கம் வாங்கவே மாட்டார்கள்.